ஒரே மாவட்டம், ஒரே கணக்கு

யாழ்ப்பாணத்தின் கல்விக் கதை: பகுதி 17

சென்ற பகுதி 1870இல் நின்றது. பொதுப் போதனாத் திணைக்களம் அமைந்து ஒரு வருடம் கழித்து, மிஷன் பள்ளிகளுக்கும் பிறருடைய பள்ளிகளுக்கும் அரசு உதவி நன்கொடை வழங்கும் முறை ஒழுங்குக்கு வந்த கட்டம் அது. அந்தப் பணம் எந்தக் கணக்கில் கொடுக்கப்பட்டது என்பதை இந்தப் பகுதிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். இனி நாம் பார்க்கப்போகும் நூறு வருடத்துக்கும் அந்தக் கேள்விதான் திறவுகோல். அரசு எவ்வளவு கொடுத்தது என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எதை எண்ணிக் கொடுத்தது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

1870இல் எண்ணப்பட்டது பிள்ளையின் தேர்ச்சி. இங்கிலாந்தில் ராபர்ட் லோ 1862இல் கொண்டுவந்த முறையை இலங்கைக்கும் எடுத்து வந்தார்கள். வருடத்தில் ஒரு தடவை பரிசோதகர் வருவார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குக் கொடுப்பார். தேறிய பிள்ளைக்குப் பாடவாரியாக இவ்வளவு என்று முகாமையாளரின் கைக்குப் பணம் வரும். தவறிய பிள்ளைக்கு எதுவும் இல்லை. அன்று வராத பிள்ளைக்கும் இல்லை.

வண்ணார்பண்ணையிலும் உடுவிலிலும் வட்டுக்கோட்டையிலும் இது தாங்கக்கூடிய கணக்கு. பிள்ளைகள் கூட்டமாக இருந்தார்கள், ஆசிரியர்கள் கிடைத்தார்கள், படித்துவிட்டுக் கச்சேரி உத்தியோகத்துக்கோ மலாயாவுக்கோ போகலாம் என்ற நம்பிக்கை பெற்றோரிடம் இருந்தது. தீவகத்தின் நெடுந்தீவையும் எழுவைதீவையும் அனலைதீவையும் எண்ணிப் பாருங்கள். வாடைக்காற்றில் கடல் பொங்கும் மாதங்களில் வள்ளம் ஓடாது. பனம்பழக் காலத்திலும் கிழங்குக் காலத்திலும் பிள்ளைகள் தாய்மாரோடு வளவில் நிற்பார்கள். மீன்படு காலத்தில் பையன்கள் தகப்பனோடு கடலில். வறுமை பிள்ளையைப் பள்ளிக்கு வராமல் பிடித்து வைத்தது. பிள்ளை வராததால் பள்ளிக்குப் பணம் குறைந்தது. பணம் குறைந்ததால் ஆசிரியர் நிலைக்கவில்லை. உதவி அதிகம் தேவைப்பட்ட இடத்துக்குக் குறைவாகவே போகும்படி அந்த விதி அமைந்திருந்தது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் வேண்டியிருக்கவில்லை. விதி தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான்.

வறுமைக்கென்று அரசு தனியாக எதுவும் கொடுக்காத காலம் அது. 1876, 1877 பஞ்சத்திலும் கொள்ளை நோயிலும் குடாநாடு வாடியபோது ஆறுமுக நாவலர் ஊரில் பணம் திரட்டிக் கஞ்சி வார்த்தார். அரசாங்க அதிபர் துவைனத்தின் ஆட்சியைக் கண்டித்து எழுதவும் செய்தார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவரும் அவரே. படிப்பும் பசியும் ஒரே பிள்ளைக்குள் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆட்சியின் ஏடுகளிலோ அவை இரண்டும் இரண்டு திணைக்களங்களாகவே பிரிந்து வளர்ந்தன.

அரசு தன் பணத்தின் வலிமையைச் சரியான இடத்தில் பயன்படுத்திய ஒரு தருணத்தையும் இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். 1920களின் இறுதியில் கல்வித் திணைக்களம், நன்கொடை பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்று விதித்தது. அதுவரை குடாநாட்டின் எத்தனையோ பள்ளிகளில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு வாங்கு கிடையாது. மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, இவர்கள் நிலத்தில் இருந்து எழுதினார்கள். சில இடங்களில் வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் இருந்து காது கொடுத்துக் கேட்டார்கள். சமாசனம் என்ற அந்த விதி வந்ததும் ஊர் கொதித்தது. மனுக்கள் போயின. பிள்ளைகளை மறித்தார்கள். 1930ஐ ஒட்டிய மாதங்களில் பள்ளிக் கொட்டகைகள் சில எரிக்கப்பட்டன. ஹன்டி பேரின்பநாயகமும் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசும் சமாசனத்தின் பக்கம் உறுதியாக நின்றார்கள். முகாமையாளர்கள் பலரை மனமாற்றம் செய்தது நன்கொடை நின்றுவிடும் என்ற பயம் என்றாலும், அதனால் வாங்கில் ஏறிய பிள்ளைக்கு அது குறைந்த வெற்றி அல்ல. இந்தத் தொடரில் நான் எழுதும் அரச முடிவுகளில் மனமாரப் போற்றக்கூடியவை சிலவே. அவற்றில் இது முதலாவது.

அதே வாலிபர் காங்கிரசின் இன்னொரு முடிவுக்குத் தீவகம் விலை கொடுத்தது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் வந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. பூரண சுயராச்சியம் வேண்டும் என்ற கோரிக்கையின் தூய்மையை நான் மதிக்கிறேன். ஆனால் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராகி, நிர்வாகக் குழுவில் பணத்தை எந்தப் பகுதிக்குப் பங்கிடுவது என்று பேசத் தொடங்கிய முதல் மூன்று வருடங்களில், தீவகத்துக்காக அரசாங்க சபையில் வாய்திறக்க ஓர் உறுப்பினர் இல்லை. பட்டணத்துக்கு வேறு வாய்கள் இருந்தன: பத்திரிகைகள், சட்டத்தரணிகள், கொழும்பில் உத்தியோகத்தர்கள். ஊர்காவற்றுறைத் தொகுதிக்கு அந்த ஓர் ஆசனந்தான் இருந்தது.

1945 ஒக்டோபர் 1ஆம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இதனால் என்ன மாறியது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். தமிழ்ப் பள்ளிகளில் அதற்கு முன்னும் கட்டணம் இல்லை. கட்டணம் இருந்தது ஆங்கிலக் கல்லூரிகளில். உத்தியோகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகும் வழியும் அந்தக் கல்லூரிகளுக்குள்ளால்தான் போனது. அந்த வாசலில் இருந்த கட்டணம் எடுபட்டது. அதோடு கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளை நிறுவி, ஐந்தாம் வகுப்பில் பரீட்சை வைத்துத் தேறிய ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதியும் சாப்பாடும் கொடுத்தார் கன்னங்கரா. தீவகத்துக்கு அப்படி வந்தது வேலணை மத்திய கல்லூரி. கடலைத் தாண்டிப் பட்டணம் போகாமலே ஒரு தீவுப் பிள்ளை மேல்வகுப்புப் படிக்கலாம் என்ற நிலை அதனால் உண்டானது. அந்த விடுதிச் சாப்பாட்டைக் கவனியுங்கள். பிள்ளையின் படிப்பும் பிள்ளையின் வயிறும் ஒரே செலவுத் தலைப்பின் கீழ் வந்த அரிய சந்தர்ப்பம் அது.

இனி அரிசிக்கு வருவோம். கல்வித் தொடரில் அரிசி எதற்கு என்று கேட்பவர்கள் நெடுந்தீவின் நிலத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்பு, அடியில் முருகைக்கல். வேலிக்கும் கல், மதிலுக்கும் கல். நல்ல தண்ணீருக்குச் சாராப்பிட்டிக் கிணறுகளுக்கு நடக்க வேண்டும். நெல் அங்கே மழையை நம்பி, வருடத்தில் ஒரு போகம், அதுவும் கொஞ்சம். குடாநாடு முழுவதுமே தன் சோற்றுக்கு வெளியே பார்த்திருக்கும் பூமி. தீவகம் இன்னும் அதிகமாக. ஆகவே 1942இல் யுத்தகாலப் பங்கீடாகத் தொடங்கிய கூப்பன் அரிசி அங்கே வாழ்க்கையையே மாற்றியது. தலைக்கு ஒரு கூப்பன். குழந்தைக்கும் உண்டு, கிழவிக்கும் உண்டு. சங்கக்கடையில் புத்தகத்தை நீட்டினால் போதும். தான் ஏழை என்று எவரும் எவருக்கும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. தீவகத்தை மற்ற இடங்களோடு சரிநிகராக வைத்த ஒரே அரச கணக்கு அதுதான்: தலைக்கணக்கு.

1953 ஜூலையில் அது உடைந்தது. கொரிய யுத்தகால விலையேற்றம் தணிந்து ஏற்றுமதி வருமானம் சரிந்து, உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியிருந்த நேரம். டட்லி சேனநாயக்கா அரசின் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா, கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நாட்டை நிறுத்தியது. ஒக்டோபரில் பிரதமர் பதவி விலகினார். இவ்வளவும் எல்லாப் புத்தகங்களிலும் உண்டு. அதே வரவுசெலவுத் திட்டத்தில் பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் வெட்டப்பட்டது என்பது ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோகப்படும் விடயம். நான் கடந்துபோக மாட்டேன். ஒரே கையெழுத்தில் வீட்டுச் சோறும் பள்ளிச் சோறும் போயின. விலையாவது பிரதமர் மாறியதும் 55 சதமாக இறங்கியது, ஏனென்றால் அதற்காகத் தொழிலாளர் தெருவில் இறங்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மதிய உணவுக்காகத் தெருவில் இறங்கப் பிள்ளைகளால் முடியாது.

அந்த அமைச்சரவையில் கைத்தொழில், மீன்பிடி அமைச்சராக இருந்தவர் யாழ்ப்பாணத்தின் ஜீ. ஜீ. பொன்னம்பலம். கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் மதியச் சோறு நிறுத்தப்பட்டபோது அவர்களுடைய தொழிலுக்கான அமைச்சர் நம்மவர் என்பதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், மூன்று வருடம் கழித்து, 1956இல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். அவரிடமும் பணம் இல்லை. ஊராரிடம் கை நீட்டினார். சோறு போட்டால்தான் பிள்ளை வரும், பிள்ளை வந்தால்தான் பள்ளி நிலைக்கும் என்ற அதே நாவலர் காலத்துப் பாடத்தை அவர் அரசுச் செலவாக்கினார். நெடுந்தீவிலிருந்து இராமேசுவரம் தொலைவில்லை. அந்தக் கடலின் ஒரு கரையில் எடுத்ததை மறு கரையில் கொடுத்தார்கள்.

1960, 1961இன் சட்டங்களால் உதவி பெறும் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. மிஷன்களின் எதிர்ப்பும், நூற்றுக்கு மேல் பள்ளிகளை நடத்திவந்த சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் நிலையும் தனிப் பகுதிக்குரியவை, பின்னர் எழுதுவேன். நம் விடயத்துக்கு வேண்டியது ஒன்றுதான். ஆசிரியர் அரச ஊழியர் ஆனார், ஆகவே அவரை மாற்றலாம். முகாமையாளர் ஊர்க்காரரைப் பிடித்து நியமித்த காலம் போய், கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இடமாற்றக் கடிதம் வந்தது. இது தீவகத்துக்கு நல்லதாகவே முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இனி எந்தப் பள்ளிக்கும் ஆசிரியர் தரும் பொறுப்பு அரசுடையது. நடந்தது வேறு. தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவது என்று நாம் சொல்லும் தண்டனை இடமாக நெடுந்தீவும் அனலைதீவும் மாறின. முதல் நியமனம் பெற்ற இளம் ஆசிரியரும், யாரோ ஒருவரைப் பகைத்துக்கொண்ட ஆசிரியரும் அங்கே போனார்கள். திங்கட்கிழமை குறிகட்டுவானில் வள்ளம் ஏறிப் போய்ச் சேரும்போது காலைப் பாடங்கள் முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமை வள்ளம் பிடிக்க மத்தியானமே புறப்பட வேண்டும். இடையில் காற்றென்றால் அதுவும் இல்லை. சம்பள ஏட்டில் அவர் ஐந்து நாளும் இருந்தார். கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பாடசாலைகளை வகுத்து ஆசிரியருக்கு மேலதிகக் கொடுப்பனவு கொடுப்பது பிற்காலத்தில் வந்தது. ஆசிரியருக்குக் கொடுத்தார்கள், அங்கேயே இருக்கும் பிள்ளைக்குக் கஷ்டத்துக்கென்று ஒரு கொடுப்பனவும் இல்லை.

இப்போது 1970களின் பெரிய காயத்துக்கு வருகிறோம். 1971ஆம் ஆண்டு அனுமதியில், பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும். மருத்துவத்துக்கு 229ம் 250ம். கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத்தின் காலம். 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல், 1974இல் அதன் மேல் மாவட்ட ஒதுக்கீடு. மொழி பார்த்துப் புள்ளி வைத்தது அநீதி. அதற்கு எந்த நியாயமும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஒரு தலைமுறை இளைஞரை அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாம் அறிவோம்.

மாவட்ட ஒதுக்கீட்டை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். பின்தங்கிய பகுதிப் பிள்ளைக்கு வாய்ப்பு என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மன்னாருக்கும் வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அதனால் சில இடங்கள் கிடைத்தது உண்மை. யாழ்ப்பாண மாவட்டம் முன்னேறிய மாவட்டம் என்று குறிக்கப்பட்டது. யார் அந்த யாழ்ப்பாண மாவட்டம்? பட்டணத்துக் கல்லூரிகளின் ஆய்வுகூடங்களும், தனிப்பட்ட வகுப்புகளும், கல்லூரி நூலகங்களும் ஒரு பக்கம். நெடுந்தீவும் அனலைதீவும் வடமராட்சி கிழக்கின் மணற்கிராமங்களும் இன்னொரு பக்கம். கடல்நீரேரிக்குத் தெற்கே கிளிநொச்சியும் அன்று யாழ்ப்பாண மாவட்டந்தான். இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேறிய விவசாயிகளின் பிள்ளைகளும், 1958இலும் 1977இலும் அடிபட்டு வந்து அங்கே கொட்டில் போட்ட மலையகத் தமிழரின் பிள்ளைகளும் அந்த முன்னேறிய மாவட்டத்தின் கணக்கில் சேர்ந்தார்கள். விஞ்ஞான ஆசிரியரே வராத பள்ளியில் படித்த பிள்ளை, பட்டணத்தின் தலைசிறந்த கல்லூரிப் பிள்ளையோடு ஒரே பட்டியலில் போட்டியிட்டது. மொழியால் ஒரு தடவை தள்ளப்பட்டு, மாவட்டத்தால் இன்னொரு தடவை தள்ளப்பட்டு, இரண்டுக்கும் முன்பே வள்ளத்தால் தள்ளப்பட்ட பிள்ளை அது.

இதை எதிர்த்துப் பேசிய நம் தலைவர்கள் முதல் தள்ளலைப் பற்றி உரத்துப் பேசினார்கள், சரியாகவே பேசினார்கள். மற்ற இரண்டையும் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து. கா. பொ. இரத்தினம் 1965இல் கிளிநொச்சியிலும் 1970இல் ஊர்காவற்றுறையிலும் வென்றவர். மாவட்டத்தின் இரண்டு ஓரங்களையும் பாராளுமன்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரதிநிதித்துவம் செய்த தமிழறிஞர். ஆனால் அந்தக் காலத்து அரசியலில் மாவட்டத்துக்குள் இருந்த வேறுபாட்டை எழுப்புவது, கொழும்போடு நடந்த வழக்கில் நம் பக்கத்தைப் பலவீனப்படுத்துவதாகக் கருதப்பட்டது. அந்தப் பயத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அதன் செலவு ஓரத்தில் இருந்தவர்களின் பிள்ளைகள்மேல் விழுந்தது.

கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டமானது. அதன் பிறகு அங்குள்ள பிள்ளை தன் மாவட்டத்துப் பிள்ளையோடு போட்டியிட்டது. தீவகம் யாழ்ப்பாண மாவட்டத்திலேயே இருந்தது, இன்றும் இருக்கிறது. கல்வி நிர்வாகத்துக்குத் தீவக வலயம் என்று தனிப் பெயர் உண்டு. பல்கலைக்கழக அனுமதி மாவட்டம் பார்க்கிறதே தவிர வலயம் பார்ப்பதில்லை.

இதற்கிடையில் அரிசியின் தலைக்கணக்கும் முடிந்திருந்தது. 1978இல் கூப்பன் வறியவருக்கு மட்டும் என்றானது. 1979 செப்ரெம்பரில் கூப்பனே எடுபட்டு உணவு முத்திரை வந்தது. குடும்பத்தின் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். நெடுந்தீவுக் கடற்றொழிலாளி ஒருவர் அந்தப் படிவத்தை நிரப்புவதை எண்ணிப் பாருங்கள். மாத வருமானம் என்ற பெட்டியில் எந்த மாதத்தை எழுதுவது? மீன்பட்ட மாதத்தையா, காற்றில் வள்ளம் கரையில் கிடந்த மாதத்தையா? கையெழுத்துப் போட வேண்டியவர் விதானையார். அவருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற கணக்கும் அன்று தொடங்கியது. முத்திரையில் அச்சிட்ட பெறுமதி விலைவாசியோடு ஏறவில்லை. திறந்த பொருளாதாரத்தில் விலைகள் பாய்ந்தன. சில வருடங்களுக்குள் முத்திரையால் வாங்கக்கூடியது ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியது. 1980இல் இலவசப் பாடநூல் வந்தது. நல்ல திட்டம், அது தலைக்கணக்கில் வந்தது, ஆகவே வள்ளம் ஏறி நெடுந்தீவுக்கும் வந்தது. ஒரு கையில் புத்தகத்தைக் கொடுத்த அதே ஆட்சி மறு கையால் சோற்றைக் குறைத்துக்கொண்டிருந்தது.

நிரூபித்தால்தான் உதவி என்ற அந்த 1979இன் முறை பின்வந்த திட்டங்களிலும் தொடர்ந்தது. 2023 ஜூலையில் வந்த அஸ்வெசும, ஒரு வீட்டை 22 குறிகாட்டிகளால் அளந்து வகைப்படுத்துகிறது. மின்சாரப் பாவனையும் அதில் ஒன்று. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா என்று தொடங்கி, 2025இல் 17,500 ஆக்கினார்கள். தொகை முந்திய திட்டங்களைவிடப் பெரிது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு மருத்துவரைப் பார்க்க வள்ளம் ஏறி, பஸ் ஏறி, ஒரு நாட் கூலியை இழக்கும் குடும்பத்தின் செலவு அந்தக் குறிகாட்டிகளில் எங்கே வருகிறது? கடலைக் குறிகாட்டியாக வைத்த படிவத்தை நான் இன்னும் காணவில்லை.

மறுபடி காலத்தில் பின்னே போவோம். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. ஓகஸ்டில் படையினர் தீவகத்தில் இறங்கினார்கள். மக்கள் குடாநாட்டுக்கு ஓடினார்கள். குடாநாட்டுக்கோ பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் இல்லாமல், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துத் துளித்துளியாக எண்ணெய் ஊற்றி எரித்த விளக்கில் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். அரசு தான் குண்டு போட்ட மண்ணிலேயே ஆசிரியர்களுக்குச் சம்பளமும் ஓய்வூதியருக்கு ஓய்வூதியமும் அனுப்பிக்கொண்டிருந்தது. சங்கக்கடைகளில் நிவாரணம் கொடுத்தது, பரீட்சைத் தாள்களைக் கப்பலில் ஏற்றியது. அதே வருடங்களில் நாட்டின் வறுமையை அளந்த வீட்டு வருமான, செலவு அளவீட்டிலிருந்து வட மாகாணம் முழுவதும் விடுபட்டது. 25 மாவட்டங்களும் அதில் சேர்ந்தது 2012, 2013இல்தான். பணம் வந்துகொண்டிருந்தது, எண்ணிக்கை நின்றிருந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா பெறுமதியான நிவாரணப் பொருள் என்ற அந்தத் தொகையை வைத்து யாழ்ப்பாணம் எப்படிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது என்பது அடுத்த பகுதியில்.